ஆழ்கடலுக்கு ஒரு தராசு

கடலை நாளும் காணாத மலைநாட்டு மாணவனொருவன் கடலைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதிலும் கலைப்பீடத்தைச் சேர்ந்த ஒருவன் ஒளியியற் கருவிகளைப் பற்றி எழுதுவது அளவு மீறிய துணிவாகவும் தோன்றலாம். என் தரப்பில் ஒன்று கூறுவேன். புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்பவனுக்கு மலையும் கடலும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. பசறையிற் பிறந்தவனுக்கோ அவை ஒரே சரிவின் இரு முனைகள்.

பேராதனையிற் புறப்படும் ஏ-5 வீதி நுவரெலியாவையும் பதுளையையும் கடந்து பசறைக்கு வருகிறது. பின் லுணுகலை, பிபிலை என்று இறங்கி மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள செங்கலடியில் முடிகிறது. நீரின் வழி இதனினும் நீண்டது. எங்கள் ஊருக்கு மேலே, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையைச் சூழ்ந்த குன்றுகளில் வடக்கு நோக்கி இறங்கும் மழைநீர், பதுளு ஓயா, லொக்கல் ஓயா முதலிய கிளையாறுகளின் வழியே மகாவலியை அடைகிறது. தெற்கு நோக்கி இறங்குவது மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தைக் கடந்து தென்கீழ்க் கரையிற் கடலை எய்துகிறது. நமது பல்கலைக்கழகத்தைத் தழுவிச் செல்லும் மகாவலியோடு எங்கள் ஓயாக்களின் நீர் பின்னர் கலக்க, 335 கிலோமீற்றர் ஓடிய அந்த ஆறு மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலாகிறது. அக்குடாவின் வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி, மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை நோக்கி இறங்குகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் போற்றிப் பேசும் நாம், அதற்கு அப்பாலுள்ள இந்த ஆழத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பசறைப் பக்கத்து ஓடைகளைக் கண்டவர்கள் அவற்றின் நிறத்தை மறக்கமாட்டார்கள். தேநீரில் பால் விட்டாற் போன்ற அந்த நிறம் மலையின் மண். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஒரு சரிவு லயங்களையும் மக்களையும் ஒருசேர மூடியதை நாடு அறியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் மீண்டும் இறங்கின. சரிவுகளை நாம் நாட்களால் நினைவு வைத்திருக்கிறோம். சரியாத இடங்களில் ஒவ்வொரு மழைக்கும் சிறுகச் சிறுகக் கழுவுண்டு போகும் மண்ணுக்கு நாளுமில்லை, நினைவுமில்லை. அம்மண்ணோடு உக்கலும் போகிறது. உக்கலோடு காபனும் போகிறது. மலை இழந்த இந்தக் காபன் முடிவில் என்னவாகிறது என்ற கேள்வியே என்னைக் கடல் நூல்களிடம் இட்டுச் சென்றது. அணைகளிலும் வயல்களிலும் தங்கியது போக எஞ்சியதே கடலைச் சேரும். சேர்ந்தபின் அது தனியே இருப்பதில்லை. கடல் தானே உண்டாக்கும் காபனோடு அதற்கு ஓர் உறவு ஏற்படுகிறது. அந்த உறவை விளங்கிக்கொள்ளக் கடலின் மேற்பரப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

ஞாயிற்றின் ஒளி புகும் மேல்நீரில், கண்ணுக்குப் புலப்படாத தாவரப் பிளாந்தன்கள் ஒளித்தொகுப்பினாற் காபனீரொட்சைட்டைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. அவற்றை விலங்குப் பிளாந்தன்கள் தின்கின்றன. இறந்தவற்றின் உடல், தின்றவற்றின் எச்சம், உதிர்ந்த ஓடு, பசை போன்ற கழிவு ஆகிய யாவும் ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்குகளாகி இரவு பகலின்றி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசுக்கி, கட்டோ என்னும் இருவர் 1953 இல் இதற்குக் ‘கடற்பனி’ எனப் பெயரிட்டனர். பனிமழையை அறிந்த நாட்டார் இட்ட பெயர் அது. விடியலில் தேயிலைத் தளிர்மேல் நிற்கும் பனியை மட்டும் அறிந்த எனக்குக் ‘கடலுதிரி’ என்ற பெயரே பொருந்துவதாகப் படுகிறது. ஆயினும் உலக வழக்கைத் தனியொரு மாணவன் மாற்றுவது முறையன்று.

இறங்குவது எல்லாம் அடியைச் சேர்வதில்லை. வழியிலேயே பற்றீரியாக்களும் சிற்றுயிர்களும் அதனைத் தின்று மீண்டும் காபனீரொட்சைட்டாக்கி விடுகின்றன. ஜோன் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் பசிபிக் கடலில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 1987 இல் ஒரு விதியை முன்வைத்தனர். அவ்விதிப்படி, 100 மீற்றர் ஆழத்தைக் கடக்கும் காபன் 100 பங்கு என்றால், 1000 மீற்றரை எட்டுவது ஏறத்தாழ 14 பங்கே. அந்தப் பதினான்கின் அருமை அதன் காலத்தில் இருக்கிறது. ஆழத்தை எட்டிய காபன் மீண்டும் வளியைக் காண நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். மனிதர் புகையாக விடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் கடல் ஏற்கிறது என்று அடிக்கடி எழுதப்படுவது பெரும்பாலும் நீரிற் கரைவதைக் குறிப்பது. அதனையும் இந்த உதிர்வையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. உதிர்வு, மனிதன் புகை விடுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வளியின் காபனைக் குறைத்து வைத்திருக்கும் ஒரு பழைய ஏற்பாடு. அது நின்றுபோனால் வளியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு மிகப் பெரிதாக உயரும்.

இவ்வளவு முக்கியமான உதிர்வு ஆண்டொன்றுக்கு எவ்வளவு? உலகம் முழுவதற்குமாக 500 கோடித் தொன் காபன் என்பாரும் உளர். 1200 கோடித் தொன் என்பாரும் உளர். ஒரே பொருளை நிறுத்த இருவர் இரு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றனர் என்றால், பிழை பொருளில் இல்லை, தராசில் இருக்கிறது. தராசின் வரலாற்றைப் பார்ப்போம்.

மழைமானியைப் பயன்படுத்திய எவருக்கும் முதலாவது கருவி எளிதில் விளங்கும். வாய் அகன்ற கூம்பொன்றைக் கடலின் ஆழத்திற் கட்டித் தொங்கவிடுவார்கள். விழுவதைக் கூம்பு ஏந்தும். கூம்பின் அடியில் வரிசையாக வைக்கப்பட்ட குப்பிகள் குறித்த நாட்களுக்கு ஒன்றாகச் சுழன்று வந்து நிற்கும். ஓராண்டு கழித்துக் கப்பல் வந்து ஒலிச் சைகை கொடுக்க, கட்டு அவிழ்ந்து கருவி மேலே மிதந்துவரும். குப்பியிலுள்ளதை வடித்து, உலர்த்தி, நிறுத்து, எரித்துக் காபனைக் கணிப்பார்கள். இதனை அடையற் பொறி எனலாம். கோவாவிலுள்ள இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜேர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகமும் இணைந்து 1986 இல் அரபிக் கடலிலும் 1987 இல் வங்காள விரிகுடாவிலும் இத்தகைய பொறிகளை இறக்கத் தொடங்கின. நம் கடலைப் பற்றிய மிகப் பெரிய செய்தியொன்று அக்குப்பிகளிலிருந்தே கிடைத்தது.

வங்காள விரிகுடா விளைச்சல் குறைந்த கடல். பேராறுகள் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் மூடிபோலப் படிந்து, கீழிருந்து உரம் மேலே வரவிடாமல் தடுக்கிறது. அரபிக் கடலிலோ தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரைக் கிளறி மேலே கொண்டுவர, விளைச்சல் பெருகுகிறது. ஆகவே ஆழத்துக்கு இறங்கும் காபனும் வங்காள விரிகுடாவிற் பெரிதும் குறைவாக இருக்கவேண்டும் என்பதே எவருடைய எதிர்பார்ப்பும். ஆனால் குப்பிகள் வேறு கணக்கைக் காட்டின. ஆழத்தை எட்டும் காபனின் அளவில் வங்காள விரிகுடா அரபிக் கடலோடு ஒப்பிடத்தக்கதாயிருந்தது. வேணுகோபாலன் இட்டேக்கோட்டும் உடன் ஆய்ந்தோரும் 1991 இல் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டனர். ஆற்றுநீர் பெருகிவரும் பருவத்தில் உதிர்வும் பெருகியது. விழுந்த துணுக்குகளில் ஆற்று மண் செறிந்திருந்தது. மண்ணே எடைக்கல்லாகிக் காபனை விரைந்து இறக்கியது என்பது இதன் விளக்கம்.

இந்த இடத்திற் சற்று நின்று கணக்கொன்றைப் பார்ப்பது பயனுடையது. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறுக்களவுள்ள ஒரு களிமண் துகள் தனியே விழுந்தால் நாளொன்றுக்கு ஓரடி அளவே இறங்கும். 3000 மீற்றர் ஆழத்தைச் சேரப் பல பத்தாண்டுகள் வேண்டும். உயிர்க்கழிவின் பசையில் அது ஒட்டிக்கொண்டால் இரண்டின் கதியும் மாறிவிடுகிறது. பசை துகளுக்குப் பருமனைத் தருகிறது. துகள் பசைக்குப் பாரத்தைத் தருகிறது. நாளொன்றுக்கு நூறு மீற்றரளவில் இறங்கும் திரளை ஏறத்தாழ ஒரு மாதத்திற் கடலடியைக் கண்டுவிடுகிறது. விரைந்து இறங்குவதனால் வழியில் தின்னப்படுவதும் குறைகிறது.

கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுதோறும் கொண்டுவரும் ஏறத்தாழ நூறு கோடித் தொன் மண்ணோடு ஒப்பிட்டால், மகாவலி கொண்டுசெல்வது ஒரு கைப்பிடி. பசறையின் பங்கு அக்கைப்பிடியில் ஒரு சிட்டிகை. இமயத்து மண் வங்காள விரிகுடாவின் தரையில் 3000 கிலோமீற்றர் நீளத்துக்கு விசிறிபோல விரிந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே கிடக்கிறது. நமது பங்கு சிறிதே என்பதை மறைத்து ஊர்ப் பெருமை பேசுவதில் எனக்கு நாட்டமில்லை. ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் நம் கீழ்க்கரையை ஒட்டித் தெற்கே பாயும் வேளையில்தான், எங்கள் ஓயாக்களும் பெருகுகின்றன. அந்நாட்களிற் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பது நமக்குரிய கேள்வியே.

அடையற் பொறியால் இதற்கு விடை சொல்ல முடியாதா? ஓரிடத்துக்கு முடியும், அதுவும் குறைபாடுகளோடு. நீரோட்டம் பொறியின் வாயைக் கடந்து வேகமாக ஓடினால், காற்றடிக்கும் நாளில் மழைமானி மழையைத் தவறவிடுவது போலப் பொறியும் தவறவிடும். இறங்கிவரும் துணுக்குகளோடு நீந்திவரும் சிற்றுயிர்களும் குப்பியில் விழுந்து செத்துக் கணக்கைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவு. கப்பல் வேண்டும், இருமுறை வேண்டும், அக்கப்பலுக்கு அனுமதியும் வேண்டும். 2024 ஜனவரி முதல் ஓராண்டு காலத்துக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை இலங்கை அரசாங்கம் நிறுத்திவைத்ததை வாசகர் அறிவர். வல்லரசுகளின் பகைமையில் நமது கடலறிவு பிணையாகிப் போவது தனியே எழுதவேண்டிய பொருள்.

கப்பல் விருந்தாளி, வந்து பார்த்துப் போகும். உதிர்வோ நாள்தோறும் நடப்பது. தோட்டத்துக்கு அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் லயங்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, விருந்தாளி கண்டது எவ்வளவு உண்மை என்பதை விளக்க வேண்டியதில்லை. கடல் யாருக்காகவும் வெள்ளையடிப்பதில்லைத்தான். ஆனால் கொந்தளிக்கும் பருவத்தில் அது கப்பலை அண்டவிடுவதில்லை. எனவே அங்கேயே தங்கியிருந்து பார்க்கும் கண்ணொன்று தேவைப்பட்டது.

தன்னியக்க மிதவை அத்தகையது. ஏறக்குறைய ஓர் ஆள் உயரமுள்ள குழல். எடை 25 கிலோகிராம் அளவு. அதனுள் ஒரு பம்பியும் எண்ணெயும் மின்கலங்களும் உள்ளன. எண்ணெயை வெளியேயுள்ள பைக்குள் தள்ளினால் குழலின் கனவளவு பெருகி அது மேலே எழும். உள்ளே இழுத்தால் அமிழும். 1000 மீற்றர் ஆழத்தில் ஒன்பது பத்து நாட்கள் நீரோட்டத்தோடு மிதந்து, பின் 2000 மீற்றருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்தவாறே மேலே வந்து, செய்மதிக்குச் செய்தி கூறிவிட்டு மீண்டும் அமிழ்ந்துவிடும். ஆர்கோ என்னும் உலகத் திட்டத்தின் கீழ் 2000 ஆம் ஆண்டளவில் இவை கடலில் விடப்படலாயின. 2007 இல் அவற்றின் தொகை 3000 ஐ எட்டியது. இன்று ஏறத்தாழ 4000. இவற்றுட் பெரும்பாலானவை வெப்பநிலை, உவர்ப்பு, அழுத்தம் என்னும் மூன்றை மட்டுமே அளப்பவை. சிறுபான்மையானவற்றிலேயே ஒளியியற் கருவிகளும் இரசாயனக் கருவிகளும் பொருத்தப்பட்டுள்ளன.

இனி அக்கருவிகளின் வேலை. ஒன்று, செவ்வொளிக் கதிரொன்றை 25 சென்ரிமீற்றர் நீரினூடாக அனுப்பி மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கும். துகள் மிகுந்தால் ஒளி குறையும். மற்றொன்று, ஒளியைப் பாய்ச்சிப் பின்புறமாகச் சிதறி வருவதை அளக்கும். நுண்துகள் பரவியிருந்தால் அச்சிதறல் மெல்லிய கோடாக வரும். பெரிய திரளையொன்று குறுக்கிட்டால் கோட்டில் ஒரு முள் எழும். முட்களை எண்ணி, நாளுக்கு நாள் அவை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கின என்று பார்த்தால் உதிர்வின் வேகம் தெரியும். வட அத்திலாந்திக்கில் 2008 வசந்தகாலத்து விளைச்சலில் இம்முறை கையாளப்பட்டது. பின்னர் நேத்தன் பிரிக்ஸ் முதலியோர் 2020 இல், ஆழத்திற் காபன் குறைவதில் ஏறத்தாழப் பாதிக்குத் திரளைகள் உடைந்து சிதறுவதே காரணம் என்று காட்டியதும் மிதவைகளின் ஒளிச் சிதறலைக் கொண்டுதான். கப்பலில் வந்து போகும் எவராலும் அதனைக் கண்டிருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றினும் எளிய உபாயம். ஒளியனுப்பும் அதே கருவியை நிமிர்த்தி வைத்து, அதன் கண்ணாடி மேல்நோக்கி இருக்குமாறு செய்துவிட்டால் போதும். மிதவை ஆழத்தில் அமைதியாகத் தங்கியிருக்கும் நாட்களில், விழும் துணுக்குகள் அக்கண்ணாடியின்மேற் படிகின்றன. யன்னற் கண்ணாடியிற் புழுதி படிவதைப் போன்றதே. சிறு துகள்கள் படியும்போது ஒளி மெல்ல மெல்ல மங்கும். பெரிய திரளையொன்று வந்து அமர்ந்தால் படியிறங்கினாற்போலச் சட்டென்று குறையும். மிதவை மேலெழும்போது நீர் கண்ணாடியைக் கழுவிவிடும். அடுத்த தடவைக்கு அது தயார். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் பிஷப் 2001 இல் வட பசிபிக்கில் விட்ட மிதவைகள் இவ்வழியின் முன்னோடிகள். ஆசியப் பாலைநிலத்துப் புழுதிப்புயல் கடல்மேல் வீசியபின், அப்புழுதியிலுள்ள இரும்பை உண்டு மேற்பரப்பின் விளைச்சல் பெருகியதை அவை ஒருவரும் அருகில் இல்லாதபோதே பதிந்தன. இத்தகைய நிமிர்த்திய கண்ணாடியை மார்க் தராசு என்று சொல்லமாட்டேன். ஒளியியல் அடையற் பொறி என்பதே தகும்.

நம் பக்கத்துக் கடலிலும் தன்னியக்கக் கருவிகள் உலவியிருக்கின்றன. 2016 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய ஆய்வுக் கப்பலான ‘சிந்து சாதனா’விலிருந்து இந்திய, பிரித்தானிய அறிஞர்கள் இலங்கைக்குக் கிழக்கே, வட அகலக்கோடு 8 பாகையில், ஐந்து சறுக்குக் கலங்களை இறக்கினர். சிறகுடைய இவை சாய்வாக அமிழ்ந்து சாய்வாக எழுந்து பயணம் செய்பவை. பச்சையத்தையும் ஒளியாலேயே அளப்பவை. ஊவாத் தேயிலைக்குப் பெயர் தரும் கச்சான் காற்று எங்கள் மலைகளில் வீசத் தொடங்கும் பருவமே அது. அதே தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையைச் சுற்றி ஒரு நீரோட்டத்தை விரிகுடாவுக்குள் அனுப்புகிறது. மலையிற் கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கும் காற்றும் கடலில் அந்த நீரோட்டத்தை ஓட்டும் காற்றும் ஒன்றென அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கு மறைக்கவில்லை.

மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, ஐயத்துக்கு வருவோம். இக்கருவிகள் எவையும் காபனை நிறுப்பதில்லை. அவை தருவது ஒளியின் ஏற்றத்தாழ்வை மட்டுமே. இத்தனை ஒளி குறைந்தால் இத்தனை மில்லிகிராம் காபன் என்று சொல்ல ஒரு மாற்றுக் காரணி வேண்டும். அக்காரணி, ஏதோவொரு கடலில் எடுத்த நீரை வடித்து எரித்து நிறுத்துப் பெற்றது. திறந்த பெருங்கடலுக்கு அது ஓரளவு பொருந்தும். வங்காள விரிகுடாவிலோ களிமண் குறுக்கிடுகிறது. களிமண்ணும் ஒளியை மறைக்கும், களிமண்ணும் சிதறடிக்கும். எந்த மண் காபனை விரைந்து இறக்கித் துணை செய்கிறதோ, அதே மண் கருவியின் கண்ணைக் கெடுத்துக் காபனைக் கூட்டிக் காட்டவும் வல்லது.

இதனை விடுமுறையில் வீட்டில் விளக்க முயன்றேன். அம்மா முப்பது ஆண்டுகளாகக் கொழுந்தெடுப்பவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நிறுக்காமலே வெளிச்சத்தப் பாத்து எடை சொல்றாங்களா? அப்ப தண்ணிக்கி எவ்வளவு வெட்டுறாங்க?” என்றார்.

தோட்டத்தை அறியாத வாசகருக்காக இக்கேள்வியை விரிக்கவேண்டும். மலையிலிருந்து இறங்கும் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும். காலைப் பனியிலும் மழையிலும் பறித்த கொழுந்தில் நீர் ஒட்டியிருக்கும். ஆதலின் நீருக்கு ஒரு கழிவு. கூடைக்கு, சாக்குக்கு ஒரு கழிவு. கழிவு நியாயமானதே; நீரைத் தேயிலையாக்க முடியாது. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை ஒருவர் தம் கண்மதிப்பாற் சொல்வார். வெயிலடித்த நாளிலும் அதே கழிவு விழுந்ததை நான் சிறுவனாயிருந்தபோதே கண்டதுண்டு. குறித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். ஒரு நாள் உழைப்பின் பாதி, தராசில் அல்ல, தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய கழித்தலில் மறைந்துபோகும். மாற்றுக் காரணி என்று நூல்கள் கூறுவது எதனை என்று அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்தாம் எனக்கு விளக்கினார்.

கடலின் காரணியால் எவருக்கு அரைப்பேர் விழப்போகிறது என்று கேட்கலாம். அண்மைக்காலம் வரை எவருக்கும் இல்லை. அறிஞர்களின் பூசலாக மட்டுமே இருந்தது. இப்போது ஆழத்தில் அமிழும் காபனுக்கு விலை பேசப்படுகிறது. கடலில் இரும்பைத் தூவி விளைச்சலைப் பெருக்கலாம், அது உதிர்ந்து அமிழும், அமிழ்ந்த தொன்னுக்கு இவ்வளவு என்று சான்றிதழ் விற்கலாம் என்னும் எண்ணம் தொழிலாகத் தலையெடுத்தது. இது குறித்து நம் அயலவர் செய்த பரிசோதனையொன்று அறியத்தக்கது. கோவா நிறுவனமும் ஜேர்மனியின் அல்பிரட் வெகனர் நிறுவனமும் 2009 இல் தென்பெருங்கடலில் ‘லோஹாபெக்ஸ்’ என்னும் பரிசோதனையை நடத்தின. இந்தியில் ‘லோஹா’ என்றால் இரும்பு. வாஜி நக்வியும் விக்ரர் ஸ்மெற்றாசெக்கும் தலைமை தாங்கினர். ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் இரும்புச் சல்பேற்று இடப்பட்டது. மேற்பரப்பிற் பச்சை பெருகியது. செய்மதிப் படத்தை மட்டும் பார்த்தவர் வெற்றி என்றே எழுதியிருப்பர். ஆனால் நீரோடு மிதந்து செல்லும் அடையற் பொறிகளையும் உடன் விட்டிருந்தனர். அவற்றில் உதிர்வு கூடவில்லை. விளைந்ததைச் சிற்றுயிர்கள் மேலேயே மேய்ந்துவிட்டன. அன்று பொறி இல்லாதிருந்தால், விளைந்தது எல்லாம் அமிழ்ந்ததாகக் கணக்கில் ஏறியிருக்கும். 2023 இல் ஐஸ்லாந்துக் கடலில் மரத்துகளை அமிழ்த்திச் சான்றிதழ் விற்ற அமெரிக்க நிறுவனமொன்று மறு ஆண்டிலேயே மூடப்பட்டது. இது இத்தோடு முடிந்துவிடும் என்று எண்ண இடமில்லை.

அத்தகைய வாணிகம் வங்காள விரிகுடாவுக்கு வந்தால், களிமண்ணைக் காபனாகக் காட்டவல்ல கருவி எவர் கையில் எதற்குப் பயன்படும்? இல்லாத காபனை விற்றால் வாங்கியவர் தம் ஆலையின் புகையைக் குறைக்கமாட்டார். அப்புகையால் மழை இன்னும் கடுமையாகும். கடுமையான மழை எங்கு இறங்கும் என்பதை மீரியபெத்தையின் பெயரால் நாம் அறிவோம்.

ஆனால் மடுவத்துத் தராசுக்கும் இத்தராசுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆர்கோ மிதவைகள் அனுப்பும் எண்கள் பிரான்சின் பிறெஸ்ற் நகரிலும் அமெரிக்காவின் மொன்ரறேயிலுமுள்ள நிலையங்களில் வைக்கப்படுகின்றன. இந்து சமுத்திரத்துக்கு ஹைதராபாத்திலுள்ள இந்திய நிறுவனமும் பொறுப்பாயுள்ளது. அவற்றை எவரும் பணமின்றிப் பெறலாம். கழிக்கப்பட்டதன் பின்னுள்ள எண் மட்டுமல்ல, கழிக்கு முன்னுள்ள மூல எண்ணும், கழிவு எப்படிப் போடப்பட்டது என்பதும் அங்கே கிடைக்கும். பேராதனை நூலகத்தின் கணினியொன்றில் அமர்ந்து, மட்டக்களப்புக்குக் கிழக்கே மிதக்கும் ஒரு குழலின் ஒளிச் சிதறலை நான் வரைபாக்கிப் பார்த்திருக்கிறேன். எவருடைய கையொப்பமும் தேவைப்படவில்லை. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க என் பாட்டிக்குக் கிடைக்காத உரிமை அது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் நம்மிடையே எத்தனை பேர் என்பதையும் கேட்கவேண்டும். வங்காள விரிகுடாவைப் பற்றிய ஆய்வுகளை இந்தியரும் ஜேர்மனியரும் ஆங்கிலேயரும் எழுத, அதன் வாயிலில் அமர்ந்திருக்கும் நாம் வாசிக்கக்கூட இல்லை. விஞ்ஞான பீடத்தாரின் வேலை என்று கலைப்பீடமும், கடலியலாரின் வேலை என்று விஞ்ஞான பீடமும் ஒதுங்கி நிற்கின்றன.

காரணியைத் திருத்த மிதவை வேண்டியதில்லை, ஆற்றுமுனையிலிருந்தே தொடங்கலாம். கொட்டியாரக்குடாவுக்குச் செல்லும் மண்ணில் காபன் நூற்றுக்கு எத்தனை என்று தெரிந்தால், அப்பால் மிதக்கும் கருவியின் ஒளியில் எவ்வளவு மண்ணுக்குரியது என்று பிரிப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். இதற்குத் தேவையானவை போத்தல், கண்ணாடிநார் வடிதாள், உலர்த்தும் அடுப்பு, நுண்தராசு, உலை. ஒரு லீற்றர் நீரை வடித்து, வடிதாளை உலர்த்தி நிறுத்து, 550 பாகையில் எரித்து, ஆறவிட்டு மீண்டும் நிறுத்தால், குறைந்த நிறை பெரும்பாலும் சேதனப் பொருளின் நிறை. அதிற் காபன் ஏறத்தாழப் பாதி. களிமண் தன்னுள் வைத்திருக்கும் நீரும் எரிகையில் ஓரளவு வெளியேறும் என்பதால் அதற்கும் ஒரு கழிவு போடவேண்டும். அக்கழிவைக் கண்மதிப்பாற் போடாமல், உக்கலற்ற களிமண்ணைத் தனியே எரித்துப் பார்த்துப் போடலாம். இறுதியாண்டு ஆய்வுக்காக, இம்முறை ஐப்பசி மழை தொடங்கியதும் பதுளு ஓயாவில் துன்ஹிந்தைக்கு மேலே ஓரிடத்திலும், மகாவலியில் பேராதனைப் பாலத்தடியிலும், மூதூருக்கு அண்மையிலும் வாரத்துக்கு ஒரு போத்தலாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு எடுப்பதென ஏற்பாடு. மூதூர்ப் போத்தலை எடுத்து அனுப்ப அவ்வூர் நண்பரொருவர் இசைந்துள்ளார். போத்தல்களில் நாளும் இடமும் நேரமும் எழுதியாயிற்று. எரிப்பதற்கு முன்னுள்ள நிறை, பின்னுள்ள நிறை, கழிவு என மூன்று நிரல்களைக் குறிப்பேட்டில் கோடிட்டு வைத்திருக்கிறேன்.